கட்டிலின் கீழ் மூன்று கப்பல்கள்

என் புருஷன் கலியாணத்தன்று எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு சூட்கேசும் மூன்று கப்பல்களும் கொண்டு வந்தார். மரத்தில் செய்த மாதிரிக் கப்பல்கள். பெரியது ஒரு முழ நீளம், மூன்று பாய்மரம். மற்ற இரண்டும் சின்னவை. அவருடைய வாப்பாவின் வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் தச்சு வேலை பார்த்த காலத்தில் செதுக்கியவை. அவருடைய வாப்பா மௌத்தானபோது கப்பல்கள் மகனுக்கு வந்தன. வீடு அதற்கு முன்பே மகளுக்கு, இவருடைய தங்கைக்கு, சீதனமாகப் போயிருந்தது. கல்முனைப் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஆம்பிளை உம்மாவின் வீட்டில் பிறப்பான், பெண்சாதியின் வீட்டில் வாழ்ந்து முடிப்பான்.

என் மாமி ஒருத்தி வாசலில் நின்று, "இந்த மாப்பிள்ளைக்குக் கடலையும் சீதனமாக் குடுக்கணும் போல!" என்றாள். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் முக்காட்டுக்குள் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் அவர் பெரிய கப்பலை ஹோலில் இருந்த கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தார். என் சீதனப் பீங்கான்களை மெல்ல ஒரு பக்கம் ஒதுக்கித்தான் வைத்தார், ஒன்றும் உடையவில்லை. இருந்தும் எனக்கு வந்ததே கோபம்!

"இது என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த ஊடு. உங்கட கப்பல உங்கட ஊட்டுல கொண்டு வைங்க."

அவருக்கு ஏது வீடு? அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"சரி புள்ள" என்றார். பீங்கான்களைப் பழையபடி அடுக்கினார். பிறகு குனிந்து மூன்று கப்பல்களையும் கட்டிலின் கீழே தள்ளினார். உயரம் காணாததால் பெரியதைச் சரித்து வைத்தார். அதற்குப் பிறகு இருபது வருஷம் அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. நான் தினமும் தும்புத்தடியைக் கட்டிலுக்குக் கீழே விட்டுக் கூட்டுவேன். ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், அக்கரைப்பற்றில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழும்பவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்து, நாள் குறிக்க இருந்த நேரம் அது.

நான் இத்தா இருந்தேன். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வந்த பெண்கள் எல்லாம் "அழு புள்ள, அழுதாத்தான் மனசு ஆறும்" என்றார்கள். வந்தால்தானே அழ! சோற்றில் உப்புக் கூடவா குறையவா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. மகள் "சாப்பிடுங்க" என்றால் சாப்பிட்டேன், "படுங்க" என்றால் படுத்தேன்.

ஒரு காலையில் கூட்டும்போது தும்புத்தடி கப்பலில் இடித்தது. அன்று தள்ளாமல் வெளியே இழுத்தேன். கப்பல் பாய்களைக் கரப்பான் அரித்திருந்தது. சின்னக் கப்பல் ஒன்றின் அடியில் கறையான். பெரிய கப்பலின் மூன்று பாய்மரங்களும் முறிந்திருந்தன. அது கறையான் வேலை இல்லை, என் தும்புத்தடியின் வேலை. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பாசத்தால் திருத்தினேன் என்று சொன்னால் பொய். வேறு வேலை இல்லை, அதனால் திருத்தினேன். மூங்கில் குச்சியைக் கண்ணாடித் துண்டால் சீவிப் பாய்மரம் செய்தேன். குறுக்குக் கட்டைகளுக்கு ஈர்க்கு. வெள்ளை நூலைத் தேயிலைச் சாயத்தில் ஊற வைத்துக் கயிறாக்கினேன். பாய்க்கு, என் இத்தா உடுப்புத் தைத்து மிஞ்சிய துணி. முதல் பாயைத் தலையணை உறை மாதிரித் தடிப்பாக மடித்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் திரும்பத் தைத்தேன். ஒரு பக்கத்துக் கயிறுகளை எல்லாம் ஒரேயடியாக இழுத்துக் கட்ட, மரம் அந்தப் பக்கமே சாய்ந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கட்ட வேண்டும் என்பதைப் படிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அவருக்கு எல்லாக் கயிற்றுக்கும் பேர் தெரியும். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இத்தா முடிய மூன்று கப்பல்களும் நிமிர்ந்து நின்றன. இனி எங்கே வைப்பது? அவருடைய தங்கையிடம் கேட்டேன்.

"எங்கட ஊடும் இப்ப மகள்ட பேர்லதானே மதினி. அவளக் கேட்டுச் சொல்றன்" என்றாள். பிறகு சொல்லவே இல்லை.

மகளிடம் கேட்டேன். கலியாணத்துக்காக வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, நான் பின்னறைக்கு மாறியிருந்தேன்.

"ஹோலுக்குள்ள வேணாம் உம்மா. அலுமாரியில புதுப் பீங்கான் அடுக்கணும். இனி இது என்ட ஊடுதானே!" என்று சிரித்தாள்.

அவள் கெட்ட பிள்ளை இல்லை. நான் சொன்னதைவிட நல்ல மாதிரித்தான் சொன்னாள். "ஓம் மகள்" என்றேன். கப்பல்களைக் கொண்டுபோய் என் கட்டிலின் கீழே வைத்தேன், பெரியதைச் சரித்து. அப்போதும் எனக்கு ஒன்றும் நோகவில்லை.

கலியாணத்தன்று மருமகன் ஒரு சூட்கேசும் ஒரு கெரம்போட்டும் கொண்டு வந்தார். பிள்ளைக் காலத்திலிருந்து காய் சுண்டி விளையாடிய பலகை போல, மூலைகள் தேய்ந்திருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹோலில் நின்றார்.

"இத எங்க வைக்கிற?" என்று மகளிடம் கேட்டார்.

"கட்டிலுக்குக் கீழ தள்ளி விடுங்க."

"சரி" என்று அறைக்குள் போய்க் குனிந்தார்.

"மருமகன், குனியாதீங்க!"

கத்தியது நான்தான். வந்த முதல் நாளே மருமகனை அதட்டும் மாமியை யார் கண்டது! நான் யாரையும் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்து பீங்கான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

"உம்மா, உங்களுக்கு என்ன பிடிச்ச?" என்று மகள் ஓடி வந்தாள்.

"ஊடு ஒனக்குத்தான் மகள். இந்த அலுமாரி, இந்த ஊட்டுக்கு வந்த ஆம்பிளையளுக்கு."

கெரம்போட்டை மருமகன் கையிலிருந்து வாங்கி அலுமாரியோடு சாய்த்து வைத்தேன். பின்னறைக்குப் போய்க் கப்பல்களைக் கொண்டு வந்தேன். பெரியதை, இருபது வருஷத்துக்கு முன் அவர் வைத்த அதே தட்டில் வைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. ரப்பே, அப்படி ஒரு அழுகை! எங்கள் ஊரில் கலியாணம் முடித்த மகள் வீட்டை விட்டுப் போவதில்லை. அதனால் நான் எதற்கு அழுகிறேன் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை.

பீங்கான்களை நானே என் கட்டிலின் கீழே தள்ளிவிட்டு வந்து, அலுமாரிக்கு முன்னால் நின்றேன்.

"வச்சிட்டன், இஞ்ச பாருங்க" என்று வாய்விட்டே சொன்னேன்.

பார்க்க அவர் இல்லை.