ஊசியக்கா கொடுத்த வாக்கு

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக ஊசி போடுகிறாள். அவள் ஊசி போட்டு அழுத பிள்ளைகள் குறைவு.

போன வருஷம் புது ஏற்பாடு வந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை சளி என்று வந்தாலும் சிராய்ப்பு என்று வந்தாலும், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுக்க வேண்டும். பெற்றவர்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஊசியக்கா சொல்வாள்: "இது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான். உயிருக்கு ஆபத்துன்னாதான் வீட்டுல சொல்லுவோம். அதையும் உங்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான்." டாக்டர் சம்மதித்த பேச்சு அது.

தையல்காரர் மகளுக்குப் பதினைந்து வயது. தலைவலி என்று வந்தவள் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நிஜமாவே யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, தன்மேலேயே வெறுப்பு. சாகும் எண்ணம் மட்டும் இல்லை. ஊசியக்கா ஆலோசகரைப் பார்க்கத் தேதி வாங்கிக் கொடுத்தாள். பெண் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

மூன்று வாரம் கழித்துக் காதுவலி என்று வந்தவள், தாளை வாங்கிப் படிக்காமலே 'இல்லை' கட்டங்களின் மேல் மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்தாள்.

"என்னம்மா இது?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. போனைப் பிடுங்கிட்டாரு. ஆலோசகர்கிட்ட போனா ஊரே சிரிக்குமாம். நீங்கதான சொன்னீங்க?"

ஊசியக்கா யாரிடமும் சொல்லவில்லை; விஷயம் தெரிந்த இன்னொருவர் டாக்டர்தான். நேரே டாக்டர் அறைக்குள் போய்க் கேட்டாள்.

"சட்டைக்கு அளவு கொடுக்கப் போனப்போ பேச்சுவாக்குல சொன்னேன். அப்பனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் அவர்.

"சார், என் வாயால வாக்கு கொடுக்கவச்சு, உங்க வாயால உடைச்சிட்டீங்க."

"பெருசு பண்ணாதீங்க சிஸ்டர்." அடுத்த சீட்டை எடுத்தார்.

திரும்பி வந்து பெண்ணிடம் மறைக்காமல் சொன்னாள்: "டாக்டர் சொல்லியிருக்காரு. அவரை நம்பி உனக்கு வாக்கு கொடுத்தது நான். தப்பு என்னுதுதான்."

"அதனால எனக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, காது மருந்தைக்கூட வாங்காமல் போய்விட்டாள் அவள். ஊசியக்கா போன் செய்தபோது, "எங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்று தாய் வைத்துவிட்டாள்.

ஊசியக்கா மேலிடத்துக்குப் புகார் எழுதினாள். பதில் வரவில்லை, அவளைக் கட்டுப்போடும் அறைக்கு மாற்றினார்கள். சேதி அந்தப் பெண் படிக்கும் பள்ளி முழுக்கப் பரவியிருந்தது. அதன்பின் வந்த பிள்ளைகள் எல்லோரும் ஒன்பதுக்கும் 'இல்லை' என்றே எழுதினார்கள்.

அந்தத் தாள்களின் வருஷக் கணக்கைப் பார்த்த டாக்டருக்கு ஏக மகிழ்ச்சி. "பாத்தீங்களா சிஸ்டர், நம்ம பக்கத்துப் பசங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!"