மஞ்சள் நிறப் பால்

தனலட்சுமி நர்ஸம்மா போய்விட்டார் என்று போன் வந்தபோது ஆரம்பாக்கத்தில் எறால் எடை போட்டுக்கொண்டிருந்தேன். தராசை அப்படியே விட்டு உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர் தோணிரேவில் அவர் கால் படாத வீடு இல்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன், ஏரியில் கையால் எறால் பிடிக்கும் செல்விக்கு மாதம் நிறையாமல் பெண் பிறந்தது. பால் குடிக்கவும் தெம்பில்லாத குழந்தையை சென்னை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நர்ஸம்மா நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஜெனரேட்டர் இருக்கறது உங்கிட்டதான். ஒரு பிரீசர் பெட்டிய காலி பண்ணிக் குடு. செல்வி பால வைக்கணும்."

"ஐஸ்ல வச்சா சத்து போவாதா?"

"கொஞ்சம் போவும். அப்பவும் டப்பா பால்மாவவிட மேல்தான். உருகினத மட்டும் திரும்ப உறைய வைக்காத. உன் எறால் யாவாரத்த இதுல காட்டாத!"

சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

நாலாம் நாள் பெட்டியைத் திறந்தால், பின்னால் வந்த கிண்ணங்கள் வெள்ளை. முதலில் வந்த ஐந்தும் மஞ்சள். எங்கள் தொழிலில் மஞ்சள் பூத்தால் கெட்ட சரக்கு. யாரையும் கேட்காமல் கொட்டிக் கழுவி வைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வந்த நர்ஸம்மா, காலிக் கிண்ணங்களைப் பார்த்து நின்றுவிட்டார். "இன்னாண்ணே இப்டி பண்ணிட்ட? மொதப் பாலு மஞ்சளாத்தான் இருக்கும். நோய் அண்டாம காக்கறதே அதான்."

செல்வியிடம், தன் கைதவறிக் கொட்டிவிட்டதாகச் சொன்னார். தெருவே பார்க்க அவள் திட்டினாள். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று பிறகு கேட்டேன்.

"உன் பெட்டிய நம்பலன்னா, அடுத்த புள்ளைக்கு எவ பால் குடுப்பா?"

குழந்தை காய்ச்சல் கண்டு, ஒரு மாதம் இழுத்துப் பிழைத்தது. அந்தப் பால் இருந்திருந்தால் வந்திருக்காதா என்றேன். "தெரியாதுண்ணே. இருந்திருந்தா நல்லதுதான்" என்றார். ஆறுதலுக்காகக்கூட மாற்றிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ தாய்மார் என் பெட்டியில் பால் வைத்தார்கள். செல்வி மட்டும் நர்ஸம்மாவிடம் கடைசிவரை பேசவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் செல்வி வீட்டுக்குப் போய், கொட்டியவன் நான் என்று சொன்னேன்.

"போன வாரங்கூட நர்ஸம்மா வழியில பார்த்து சிரிச்சாங்கண்ணா. நான் மூஞ்சத் திருப்பிக்கினு போனேன்."

நர்ஸம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, என்னால் செல்வி வாங்கிக்கொள்ளாமல் போன அந்தச் சிரிப்பு. அது செல்விக்குச் சேர வேண்டியது.