அந்தோணியம்மாளின் லத்தீன் பாட்டைத் தேடி

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், சகோதரிகளே. இரவு மணி ஒன்றரை. பதினான்கு மாதமான என் ரூத் இப்போதுதான் அழுது ஓய்ந்தாள். தூங்கினாளா, களைத்துப்போனாளா, தெரியவில்லை. என் சீவலப்பேரிப் பயணத்தைப் பற்றி எழுதும்படி நம் பத்திரிகை மூலம் கேட்டிருந்தீர்கள்.

ரூத்தை வளர்த்தவள் அந்தோணியம்மாள் என்ற கத்தோலிக்கப் பெண். அவள் பாடும் லத்தீன் பாட்டுக்குத்தான் குழந்தை தூங்கும். கேட்டால், கோயில் பாட்டு என்பாள். எந்தத் தேசத்து ராகமோ என்று அறியும் ஆசையில், ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும், கல்லூரியில் படித்த சொல்பா முறையில் அதைக் குறித்துவைத்தேன். தை மாதம் ரூத்துக்குக் கடும் காய்ச்சல். அது இறங்கிய மறுநாளே அந்தோணியம்மாள் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள். அன்றுமுதல் குழந்தைக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. நான் பாடிப் பார்த்தேன். எனக்கு வார்த்தை சரியாகத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த 1912 மாசியில், கணவர் அலுவலாக ராதாபுரம் போயிருந்த சமயம், பாளையங்கோட்டையிலிருந்து வில்வண்டியில் புறப்பட்டேன். விடியற்காலம் நாலு மணி. போக வர இரண்டு ரூபாய் நாலணா. சீவலப்பேரி பத்து மைல். அவள் ஊர் ஆற்றைக் கடந்து இன்னும் இரண்டு மைல். வழியெல்லாம் ரூத் சிணுங்கினாள். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "மாடு ரெண்டும் நடந்துக்கிட்டே தூங்குது, உங்க பிள்ளை மடியில கெடந்தும் தூங்க மாட்டேங்கு தாயீ" என்றார்.

ஒன்பதரைக்கு அவ்வூர்க் கோயிலில் உபதேசியாரைக் கண்டு, பாட்டைப் பாடிக்காட்டினேன். பெரியவர் முகம் மாறியது. சின்னப் பிள்ளைகளை அடக்கம் செய்யும்போது பாடுவதாம் அது. அப்பிள்ளைகளின் அடக்கத்துக்குக் கறுப்புத் துணி கிடையாது, வெள்ளைதான். அழுகைப் பாட்டும் கிடையாது, துதிதான். நாலு கோட்டில் ராகம் குறித்த கோயில் பாட்டுப் புஸ்தகத்தை எடுத்துவந்தார். என் காகிதத்தோடு ஒத்துப்பார்த்தோம். வார்த்தை ஒன்றேதான், ராகம் வேறு.

"ராகம் புஸ்தகத்துல இல்லம்மா" என்றார். "அந்தோணியம்மா வீட்டுது."

பதினோரு வருஷத்துக்கு முன் அவள் குழந்தை இறந்தபோது பூசை வைக்கும் சாமியார் ஊரில் இல்லை. உபதேசியாரான இவருக்கு வார்த்தை தெரியும், ராகம் தெரியாது. அவளோ உடலைக் கொடுக்காமல் மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தாலாட்டிலேயே இவர் லத்தீனை ஏற்றிப் பாடினார். அப்புறம்தான் கொடுத்தாளாம். அன்றிலிருந்து அவ்வூரில் இறக்கும் பிள்ளைகள் எல்லாரும் அந்த ராகத்தில்தான் போகிறார்கள்.

வீட்டுக்குப் போனபோது அந்தோணியம்மாள் நெல் குத்திக்கொண்டிருந்தாள். ரூத் தாவிப்போய் அவள் தோளில் தலைசாய்த்தாள். ஒரே ஒரு தரம் பாடு என்று கெஞ்சினேன்.

"மாட்டேம்மா. அன்னைக்குக் காய்ச்சல்ல பிள்ளைக்குக் கண்ணு சொருகுச்சு. நான் பாடிக்கிட்டே இருந்தேன். மடியில கெடக்கது எந்தப் பிள்ளைன்னு எனக்கே தெரியாமப் போச்சு." குழந்தையை என் கையில் தந்தாள். "நீங்க வேணும்னா பாடுங்க. அது முதல்ல தாலாட்டுதான்." லத்தீன் சேர்வதற்கு முன்னிருந்த தமிழ் வரிகளைக் கேட்டேன். மறந்துவிட்டது என்று உலக்கையை எடுத்தாள்.

போகிறவர்களுக்கு: மாசியில் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான், வண்டி இறங்கும். காய்ச்சிய பாலும் பத்து மணிக்கு மேல் தாங்காது, கஞ்சி கொண்டுபோங்கள். பகல் இரண்டு மணிக்கு முன் திரும்பாதீர்கள், வெயில் பொல்லாதது.

ராகம் எங்கிருந்து வந்தது என்று கண்டுகொண்டேன். இப்போது முதல் அடியை எடுத்தாலே வெள்ளைத் துணி கண்ணில் வந்து, பாட்டை அங்கேயே விட்டுவிடுகிறேன். வார்த்தையில்லாமல் பாடினால் குழந்தை ஏற்றுக்கொள்ளுமா? பாடலாமா, கூடாதா? உங்களில் பிள்ளையை இழந்து, பிறகு இன்னொரு பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.