படகில் நான் தூக்காத கை

“உங்களில் யார் குடும்பத்திலாவது கைதி உண்டா?”

போன மாதம் ஒரு படகில் வைத்து ஒரு பெண் இப்படிக் கேட்டார். நம் ஊரில் கேட்டிருந்தால் அடிதடி ஆகியிருக்கும். அங்கே என்ன நடந்தது தெரியுமா? ஏழெட்டுக் கைகள் சட்டென்று மேலே போயின. சிரிப்பு வேறு! தூக்காதவர்கள் முகத்தில் லேசான பொறாமை.

நான் என் கையை மழைக்கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டேன்.

இடம், ஆஸ்திரேலியாவுக்குக் கீழே இருக்கும் டாஸ்மேனியா தீவு. மூத்த மகள் மலர்விழியும் மாப்பிள்ளை ரவியும் அங்கேதான் இருக்கிறார்கள். அம்மாவுக்கு ஊர் காட்டுகிறோம் பேர்வழி என்று தீவின் மேற்குக் கரைக்குக் கூட்டிப் போனார்கள். போகும் வழியெல்லாம் வளைவு. எங்கள் மலாக்காவில், ஆயர் குரோவில் வாங்கிப் போன புளிப்பு மிட்டாய்தான் என்னைக் காப்பாற்றியது.

கரைக்கு முன்னால் ஒரு செம்புச் சுரங்க ஊர் வந்தது. சுற்றியுள்ள மலைகளில் மரமே இல்லை. உலைக்கு விறகாகப் போனது பாதி, உலைப் புகையில் கருகியது மீதி என்றார் ரவி. தோலுரித்த மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக நின்றன மலைகள். மலர் படம் எடுத்துத் தள்ளினாள். எனக்குச் செம்பு என்ற பேச்சே ஆகாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதைத் தாண்டினால் காடு… காடு… அப்புறம் கடல். தண்ணீர், பால் விடாத நம் தே-ஓ நிறத்தில் இருக்கிறது. காட்டு இலைகளின் சாயமாம். விரிகுடாவின் குறுகிய வாய்க்கு அந்தக் காலத்துக் கைதிகள் வைத்த பெயர் நரக வாசல். உள்ளே ஒரு குட்டித் தீவு. தப்புச் செய்தவர்களில் மறுபடியும் தப்புச் செய்தவர்களை அங்கே கொண்டுவந்து மரம் வெட்டவும் கப்பல் கட்டவும் விட்டிருக்கிறார்கள். இப்போது நாலைந்து செங்கல் சுவர்கள் மட்டும் பாசி பிடித்து நிற்கின்றன.

கேள்வி கேட்ட பெண்தான் எங்கள் வழிகாட்டி. பெயர் ஜேன். என் வயது இருக்கும். அவருடைய பாட்டனாரின் பாட்டனார் ஒரு ஜோடி பூட்ஸ் திருடிக் கப்பலேற்றப்பட்டவராம். அந்தத் தீர்ப்பின் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாராம்! எங்கள் வீட்டில் அந்த இடத்தில் என் கணவரின் நீண்ட சேவை விருது தொங்குகிறது.

நம் மலாக்காவுக்கும் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கியிருக்கிறார்கள். “எங்கள் பாட்டனார் கைதி” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நம்மில் எல்லாருடைய பாட்டனாரும் ரப்பர் தோட்டத்தில் ஆள் மேய்த்த கங்காணி. அத்தனை பேரும் கங்காணி என்றால் மரத்தில் பால் வெட்டியது யார்?

இப்படி நான் மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டிருந்தபோதுதான் மலர் காதருகில் வந்தாள்.

“நீங்க ஏம்மா கை தூக்கல?”

பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியில் உங்களிடம் எதைச் சொல்லாமல் விட்டேன்? கணவரின் குறட்டை, என் மூட்டு வலி, சம்பந்தி வீட்டில் உப்பில்லாத சாம்பார்… எல்லாம் எழுதியாகிவிட்டது. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று மட்டும் எழுதியதில்லை.

பெயர் சேகர். பல வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் லாரி ஓட்டினான். அங்கிருந்து செம்புக் கம்பிச் சுருள்களைத் திருடிய கூட்டத்துக்கும் அவன்தான் ஓட்டினான். பிடிபட்டான். சிறைக்குப் போனான். யாராவது கேட்டால் “சிங்கப்பூரில் வேலை” என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அவன் வெளியே வந்த மறுவருடம் மலருக்குக் கல்யாணம். ரவி வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாரும் ஆசிரியர்கள். சிறைக்குப் போன தம்பியை அவர்களிடம் எப்படிக் காட்டுவது? கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று போட ஒரு பெயர் வேண்டுமே? சிரம்பானிலிருந்து சித்தப்பா மகனைப் பிடித்தேன். அவர் பெயரைப் போட்டேன், அவர் கையால் மாலை போட வைத்தேன், அவரே மலரைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். அவருக்கு மலரின் முழுப்பெயர்கூடச் சரியாகத் தெரியாது!

சேகர் வந்திருந்தான். அன்று நல்ல மழை. மண்டப வாசலில் பெரிய குடையோடு நின்று, காடிக் கதவைத் திறந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக நனையாமல் உள்ளே கொண்டுவந்து விட்டான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நான் மேடையிலிருந்து பார்த்தேன். “உள்ளே வாடா” என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மலரின் கேள்விக்கு நான் ரவியைக் கண்ணால் காட்டி, “ஷ்ஷ்…” என்றேன். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார்.

“மாமி, சேகர் மாமாவின்ர கதைதானே? எங்கட வீட்டில கல்யாணத்துக்கு முதலே தெரியும்” என்றார் மெதுவாக. “மலாக்கா என்ன, கதை பரவாத அளவுக்குப் பெரிய ஊரா?”

நான் தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். ரவி விடவில்லை.

“அண்டைக்குக் கல்யாணத்தில அப்பாவுக்குக் குடை பிடிச்சவர் அவர்தான். அப்பா தெரிஞ்சுகொண்டே, நீங்கள் பொண்ணுக்கு என்ன முறை எண்டு கேட்டவர். அவர் சொன்னாராம்… நான் மண்டபத்து ஆள் சார் எண்டு.”

மண்டபத்து ஆள்.

மலர் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவன். அவளைத் தன் மோட்டார் சைக்கிளில் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவன். எனக்காகத் தன் முறையையே மறைத்திருக்கிறான். படகின் மேல் மழை தூறிக்கொண்டே இருந்ததால், நான் அழுதது ஜேனுக்குத் தெரிந்திருக்காது.

இதில் இன்னொரு சங்கடம் என்ன தெரியுமா? இளையவள் கயலுக்கு இப்போது கல்யாணம் வைத்திருக்கிறோம். பத்திரிகை அச்சகத்தில். தாய்மாமன் என்ற இடத்தில் அதே சிரம்பான்காரர்! படகுத்துறையில் இறங்கியதும் அச்சகத்துக்குப் போன் போட்டேன். “அடிக்காதீங்க தம்பி, நிறுத்துங்க!” என்று நான் கத்தியதில் கடற்பறவைகள் பறந்தன.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, சேகர் குடியிருக்கும் புக்கிட் ரம்பாய்க்குப் போனேன். சேகர் இப்போது பேக்டரி பஸ் ஓட்டுகிறான். வீட்டுக்கு முன்னால் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

“வாக்கா. எப்ப வந்தே? என்ன, முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு?”

“கயலுக்கு நீதான்டா மாலை போடணும். பத்திரிகையில உன் பேருதான்” என்றேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஈரமே இல்லாத பிறகும் துடைத்தான்.

“வேணாம்லாக்கா. மாப்ள வீட்டுல என்ன நெனப்பாங்க?”

“தெரிஞ்சே கட்டட்டும். நானே போயி சொல்லிட்டேன்.”

பொய்யில்லை. ஆயர் மோலேக் வழியாகச் சுற்றிப் போய், கயலின் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். சம்பந்தியம்மா எனக்குத் தேநீர் ஊற்றி வைத்தார். பிறகு, “மாமன் இருக்கும்போது வேற ஆளு எதுக்குங்க?” என்றார். அவர் ஊற்றி முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“மன்னிச்சிருடா” என்றேன். அக்காவாக இத்தனை வருடத்தில் அவனிடம் முதல்முறை.

அவன் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலை நனைந்தது, பரவாயில்லை. “நீ பேப்பர்ல எழுதுவியே… அதுலயும் எழுதப் போறியா?” என்றான்.

“நீ சரின்னா எழுதுறேன்.”

“எழுது. ஆனா தெரியாம ஓட்டிட்டான்னு எழுதிராத. தெரிஞ்சுதான்க்கா ஓட்டுனேன்.”

எழுதிவிட்டேன் சேகர். நீ சொன்னபடியே.

கிளம்பும்போது அவனுக்கு ஒரு கவலை வந்துவிட்டது. “நான் மேடைல நின்னுட்டா, மழை வந்தா வாசல்ல யாருக்கா குடை பிடிக்கிறது?”

வாசகர்களே, கயல் கல்யாணத்தன்று மழை பெய்தால் மண்டப வாசலில் ஓர் அம்மாள் பெரிய குடையோடு நிற்பார். யார் என்று கேளுங்கள்… தாய்மாமனின் அக்கா என்பார்.