தாய் அல்லர், கட்டிங் மாஸ்டர்

"மாஸ்டரக்கா போயிட்டாங்கக்கா."

காதர்பேட்டை பனியன் சந்தையில் கம்பெனிச் சரக்கை இறக்கிக்கொண்டிருந்த என்னைக் கைபேசியில் அழைத்துச் சொன்னாள், மாஸ்டரிடம் வேலை பழகிய தமிழ்ச்செல்வி. எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் ஜெயராணி அன்று காலை மாரடைப்பால் காலமானார்.

இரங்கல் கூட்டத்தில் முதலாளி, "நம்ம எல்லாருக்கும் தாய் மாதிரிங்க" என்றார். மேலாளர் ஜெயராணியின் மீன்குழம்பைப் புகழ்ந்தார். அவரை அறிந்தவர்களே, என் மறுப்பை உங்கள் முன் வைக்கிறேன். ஆண்களுக்கே உரியதென்று ஊர் முடிவுகட்டியிருந்த மேஜையில், அடுக்கடுக்காய் விரித்த துணிமேல் மின்கத்தியைச் செலுத்திய மாஸ்டர் அவர். மாஸ்டர் என்ற அந்தச் சொல்லை அன்று ஒருவரும் உச்சரிக்கவில்லை. பள்ளி என்னை ஐந்தாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. சொற்களை நானே தேடிச் சேர்த்தேன். ஒருவருக்குரிய சொல்லை மறைப்பது திருட்டு என்பதை அறிவேன்.

துணி வியாபாரிகள் தொலைபேசியில், "மாஸ்டரைக் கூப்பிடும்மா" என்பார்கள். "மாஸ்டர்தான் பேசுதேன். ஆம்பளக் குரல்லதான் பேசணுமோ?" என்பார், தம் தென்மாவட்டத் தமிழ் சற்றும் மாறாமல்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளில் மட்டும் முதலாளிக்கு ஜெயராணி ஒரு பெருமை. பெண்களுக்குப் பொறுப்பு தருவதாகக் காட்ட, அவரை மேஜையருகே நிறுத்திப் படமெடுப்பார்கள். எனக்கு உடல் எரியும். ஜெயராணியோ, "காட்டட்டும். பாக்க வேண்டிய ஆளை நாம கூட்டியாருவோம்" என்றார். பக்கத்துப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பெண்களையும் உள்ளே விட்டால்தான் படத்துக்கு நிற்பேன் என்றார். விட்டார்கள். அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. "பேச்சைக் கேட்டா பிள்ளைங்க கை தட்டும், வேலையப் பாத்தாத்தான் ஆசை வரும்" என்று சொல்லி, துணியை வெட்டத் தொடங்கினார்.

துணி மடிப்பதும் பிசிறு வெட்டுவதுமே தங்களுக்கு விதித்தவை என்றிருந்த அந்தப் பிள்ளைகளுள் ஒருத்தி தமிழ்ச்செல்வி. பள்ளி முடித்ததும் நேரே வந்து, "நானும் மாஸ்டராகோணுமுங்க" என்றாள். ஜெயராணி இருந்தபோதே தனியாக வெட்டவும் தேர்ந்துவிட்டாள்.

இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள் மேலாளர் அவளைப் பிசிறு வெட்ட அனுப்பினார். "பொட்டப்புள்ளைய நம்பி ஆர்டர் எடுக்க முடியுங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

"இத்தனை வருசம் யாரை நம்பி எடுத்தீங்க?" என்றேன்.

சென்ற வாரம் பையர் வரும் நேரத்தில் அதே மேலாளர் ஓடிவந்தார். "கண்ணு, செத்த நேரம் மேஜைகிட்ட வந்து நில்லு. போட்டோ எடுத்ததும் போயிக்கலாம்."

தமிழ்ச்செல்வி எழவில்லை. "வெட்டறதுக்குன்னா வர்றேனுங்க. நிக்கறதுக்குன்னா உங்கூட்டு அம்மணியக் கூட்டியாங்க."

தையல் வரிசை முழுதும் சிரித்தது. வாசலில் பையரின் கார் வந்து நின்றது. வேறு வழியின்றி மேலாளர் மேஜையை அவளிடம் விட்டார். பையர் போன பின்னும் அவள் நகரவில்லை. அவள் வெட்டிய துணியைத் தவிர வேறெதையும் தைக்க எங்கள் பெண்கள் மறுத்துவிட்டார்கள். இன்றும் அவளே வெட்டுகிறாள்.

ஜெயராணியிடமிருந்து நான் எனக்கென எடுத்துக்கொண்டது அவருடைய பேரத்தை. நம்மைக் காட்டிப் பிழைப்போரிடம், அதற்கு ஈடாக இன்னொரு பெண்ணுக்கு வழி கேட்கும் பேரம் அது. கம்பெனி நடத்தும் மகளிர் விழா மேடையில் அமர என்னை இப்போது அழைத்திருக்கிறார்கள். எந்தப் பெண்ணுக்கு என்ன வேலை தரப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்தால்தான் போவேன்.