நான் சுத்தம் செய்த பாட்டு

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. ஈரானைச் சேர்ந்த ஒரு குர்து இனப் பாடகர், ஒரு கல்யாண வீட்டில் தன் தாய்மொழியில் பாடினார். பொலிஸ்காரர்கள் வந்து நிறுத்தினார்கள்.
2. இரண்டு முறை அடைத்து வைக்கப்பட்ட பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். விசா கிடைத்த நாடு இலங்கை.
3. தில்லையடியில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வாடகைக்கு வந்தார்.
4. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அகதி விண்ணப்பம் கொடுத்தார்.
5. அவரிடம் இருந்த ஒரே சாட்சியை நான் அழித்தேன்.

ஐந்தாவதைத்தான் விளக்க வேண்டும்.

யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, அது முடிந்த பிறகும் திரும்பாத முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தொழில்நுட்பக் கல்லூரியில் ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் படித்துவிட்டு, வீட்டு முன்னறையில் கல்யாண வீடியோ தொகுத்துக் கொடுக்கிறேன். பெண்கள் பக்கத்துப் படங்களை ஆண்களிடம் கொடுக்க விரும்பாதவர்கள் என்னிடம் வருவார்கள். வேலை முடிந்ததும் ஒரு பிரதிகூட என்னிடம் இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. ஆகவே கொடுத்த கையோடு, அவர்கள் பார்த்திருக்க, எல்லாவற்றையும் அழித்துக் காட்டுவேன். அதை நம்பித்தான் வருகிறார்கள்.

அந்தப் பாடகர் வந்த வாரம் உம்மா கேட்டார், “பாட்டுப் படிச்சதுக்கா ஊர விட்டுத் தொரத்துவாங்க?”

வாப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. “நாம என்ன பாட்டுப் படிச்ச? நம்மளத் தொரத்தல்லயா?”

அன்றிலிருந்து உம்மா அவருக்கும் சேர்த்தே சோறு ஆக்கினார். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டேன். இரண்டு வருடத்தில் எங்கள் தமிழ் அவருக்கு நன்றாகவே வந்துவிட்டது.

அந்தக் கல்யாணப் பாட்டை அவருடைய தம்பி போனில் பதிந்திருந்தார். போன் பறிபோய்விட்டது. முன்பே பிரதி எடுத்த ஒரு மெமரி கார்டு மட்டும் நானாவிடம் இருந்தது. கொழும்பு அலுவலகத்தில் விசாரணைக்கு அதை சிடியில் கொண்டுவரச் சொன்னார்கள்.

“தங்கச்சி, இத சிடில போட்டுத் தர ஏலுமா? நான் கேக்க மாட்டேன். அந்த நாள திரும்பக் கேக்க எனக்கு ஏலா.”

பிரதி எடுக்க மட்டும்தான் சொன்னார். நான் கேட்டுப் பார்த்தேன். குரல் அருமையானது, பதிவு மோசமானது. கைதட்டல், கூச்சல், கடைசியில் ஒரு முரட்டுக் குரல், அதோடு பாட்டு அறுந்துவிடுகிறது. எனக்குக் குர்து மொழியும் தெரியாது, பாரசீகமும் தெரியாது. எல்லாக் கல்யாண வீட்டிலும் இருக்கும் இரைச்சல் என்றே நினைத்தேன். கூட்டத்தின் சத்தத்தைக் குறைத்தேன். முரட்டுக் குரலை வெட்டினேன். முன்னால் பாடிய ஓர் அடியை எடுத்துக் கடைசியில் ஒட்டி, பாட்டை முழுமையாக முடித்து வைத்தேன். சிடியில் அதைப் போட்டேன்; கார்டிலும் பழையதை நீக்கிவிட்டு அதையே போட்டேன். பிறகு எல்லோருக்கும் செய்வதுபோல, அவரைக் கூப்பிட்டு, என் கணினியில் இருந்த பழைய பதிவை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். தன் பதிவு கார்டில் அப்படியே இருக்கிறது என்று நம்பி, நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார்.

விசாரணை நாளன்று, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்து, முன்னறைக் கதிரையில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, அதுல ஒரு பொலிஸ்காரன் கத்துவானே, ‘நிப்பாட்டு’ண்டு. அவன் எங்க?”

அந்த முரட்டுக் குரல் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. “வெட்டிட்டேன் நானா.”

“சனம் என்னோட சேந்து படிக்குமே, அது?”

“அதையும் கொறச்சிட்டேன்.”

ஸ்டூடியோவில் பாடியதுபோல் இருக்கிறதே, இதில் யார் உங்களைத் தடுத்தார்கள் என்று விசாரித்தவர் கேட்டாராம். நானா என்னை ஏசவில்லை.

“அவன்ட வாய மூட எங்கட ஊர்ல ஒருத்தருக்கும் ஏலாமப் போச்சு. நீ மூடிட்ட,” என்று சொல்லிச் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. நானும்தான்.

அழித்ததை மீட்க மூன்று நாட்கள் முயன்றேன். பதினொரு விநாடி கிடைத்தது: கைதட்டல், கூட்டத்தின் குரலில் பாதிச் சொல். பொலிஸ்காரன் அதில் இல்லை.

பிறகு அந்த அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். எதை வெட்டினேன், எங்கே ஒட்டினேன், ஏன் அழித்தேன் என்று வரிசையாக. வெட்டியபோது அது என்னவென்று எனக்குத் தெரியாது என்ற வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

வாப்பா சொன்னார், “இதக் குடுத்தா ஒன்னயும் கூப்பிட்டு விசாரிப்பாங்க, மகள்.”

“கூப்பிடட்டும் வாப்பா.”

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டோடு என் கடிதமும் அந்தப் பதினொரு விநாடியும் போயிருக்கின்றன. ஏழு மாதமாகப் பதில் இல்லை. என்னை இதுவரை யாரும் கூப்பிடவில்லை. நானா பின்னறையில்தான் இருக்கிறார்.