வெறும் ஸ்பூன்

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு மேசையில் முதல் முறையாக உட்கார்ந்தேன். கட்லெட்டை முள்கரண்டியால் குத்தப் போக, அது நழுவிப் பறந்து எதிரில் இருந்த மச்சான் மடியில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மாமனார் மட்டும் தன் நாப்கினை மகனிடம் நீட்டிவிட்டு, "மாப்பளைக்கு கிரிக்கெட் வருமாட்டம் இருக்குது" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கும்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவில் அந்த வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் மாமனாரின் தாத்தா கட்டியது. முகாமுக்கு வரும் துரைமார்களை உட்கார வைத்துச் சாப்பாடு போடுவதற்கென்றே நீளமாக ஓர் அறை, அதில் தேக்கு மேசை. துரைமார்கள் போய்விட்டார்கள். அவர்கள் சாப்பிட்ட முறை மட்டும் போக மறந்து அங்கேயே தங்கிவிட்டது. முதலில் சூப்பு, பிறகு கட்லெட், பிறகு சோறு, கடைசியில் ஆடிக்கொண்டே வரும் புட்டிங். அந்தச் சூப்பு சமையல்கட்டில் இருக்கும்வரை மொளவு தண்ணி, வெறும் மிளகு ரசம்தான். கதவைத் தாண்டிப் பீங்கானில் ஏறியதும் சூப்பாகிவிடும்.

அந்த மேசையில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. ஆண்கள் எழுந்த பிறகு, சமையல்கட்டில் தரையில் தட்டு வைத்துச் சாப்பிடுவார்கள். ஆண்களுக்கும் ஒரு கட்டு உண்டு. வீட்டுப் பெரியவர் முதல் ஸ்பூனை வாயில் வைக்காமல் யாரும் எதையும் தொடக்கூடாது. மொத்த வீட்டின் பசியும் மாமனாரின் வலது கையில் இருந்தது.

நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பட்டன் கலர் மாறிப்போனதற்கு வெளிநாட்டுக்கு மெயில் போட்டு மன்னிப்புக் கேட்பதுதான் வேலை. வாரம் முழுவதும் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போய் அங்கே ஒரு தடவை முள்கரண்டியிடம் கேட்பேன்.

அப்புறம் மாமனாருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். குரல் போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, கஞ்சித் தண்ணீர் மாதிரி எதையோ அதில் ஊற்றினார்கள். வாய் வழியாக ஒரு சொட்டும் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு அவரை மேசைக்குக் கூட்டிவந்து தலைமாட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் சூப்பு ஊற்றியாகிவிட்டது. யாரும் தொடவில்லை. ஆவி அடங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் மச்சான்தான் சொன்னார். "அப்பா, நீங்க சும்மா ஸ்பூனைத் தூக்கி வெச்சீங்கன்னா போதுமுங்க."

மாமனார் வெறும் ஸ்பூனை எடுத்தார். உதட்டில் வைத்தார். இறக்கினார். எல்லா ஸ்பூன்களும் ஒரே நேரத்தில் பீங்கானில் இடித்தன.

மரியாதை என்று நினைத்துத்தான் செய்தோம். மேசையிலிருந்து அவரை எழுப்பிவிட்டால் வீட்டிலிருந்தே எழுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று மச்சானுக்குப் பயம். அதனால் வாராவாரம் மாமனார் வெறும் ஸ்பூனைத் தூக்கினார். புட்டிங் வரும்வரை நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். பதிலுக்கு என்னைக் குத்த அவருக்குக் குரல் இல்லை. சூப்பு கைமாறும்போதெல்லாம் அவர் தொண்டை மட்டும் ஏறி இறங்கும். அதைப் பார்க்கக் கூடாதென்று நான் தட்டைப் பார்த்துத் தின்பேன். அந்த மாதங்களில் எனக்குத் தொப்பை போட்டது.

ஒரு ஞாயிறு ஸ்பூன் உதட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் இருந்த மச்சானின் சூப்புக்குள் இறங்கியது. நிறைந்து மேலே வந்தது.

"வேண்டாங்கப்பா! டாக்டர் சொன்னாருல்லீங்க!" என்று மச்சான் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். சூப்பு வெள்ளை விரிப்பில் கொட்டி மஞ்சளாகப் பரவியது. மாமனார் ஸ்பூனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

அதன் பிறகு அவர் மேசைக்கு வர மறுத்துவிட்டார். முதல் ஸ்பூன் இல்லாமல் மேசையும் நின்றுபோனது. எனக்குச் சமையல்கட்டில் நின்றபடியே சோறு கிடைத்தது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயமுத்தூரிலும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து நான் போன ஞாயிறு மதியம் மாமியார் கூப்பிட்டார்.

"மாப்பள, சித்த இப்படி வாங்க. உங்க மாமனை மேசைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க கதவுக்கு வெளிய நில்லுங்க. பையன் வந்தா உள்ள உட்டுராதீங்க."

"நான் எப்புடிங்க அத்தை நிறுத்தறது?"

"எதாச்சும் பேசுங்க. சிரிக்க வெக்கத்தான் உங்குளுக்கு வருமே."

"அத்தை, டாக்டர் சொன்னது..."

"எனக்குந் தெரியுமுங்க. அவுருக்குந் தெரியும். கேட்டுட்டேன், தலையாட்டிட்டாரு."

கதவு மூடுவதற்கு முன் பார்த்தேன். மாமனார் தன் இடத்தில். பக்கத்து நாற்காலியின் விளிம்பில், பஸ்ஸில் இடம் கொடுத்த யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்வது போல மாமியார். கையில் மொளவு தண்ணி. எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்ததால் அது சூப்பு ஆகவில்லை.

மச்சானின் கார் வந்துவிட்டது.

"அப்பா எங்கீங்க மாப்பள?"

"இருக்காருங்க மச்சான். எங்க கம்பெனிக்குத் துணி வாங்க ஒரு வெளிநாட்டுப் பையர் வந்தானுங்களே, கேட்டீங்களா? வாழையெலையச் சுருட்டிக் கடிச்சுப் பார்த்துட்டு, ஐட்டம் ஓகே, துணிக்குப் போடற சாஃப்ட்னர் கொஞ்சம் போட்டுக் குடுங்கன்னுட்டானுங்க."

மச்சான் சிரித்தார். பல நாளைக்கு அப்புறம் நன்றாகவே சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்போது கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது.

"அப்பாவுங்களா?"

"நாந்தானுங்க மச்சான்" என்று சொல்லி நான் இருமினேன். விடாமல் இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"பனியன் கம்பெனி டஸ்ட்டுங்க மாப்பள. உடம்பைப் பாருங்க" என்று முதுகில் தட்டிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

அந்த வாரமே மாமனாருக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி என்றார்கள். போய்விட்டார். இந்த நோய் இப்படித்தான் முடியும் என்று டாக்டர் சொன்னார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மேசையில் மறுபடி சூப்பு வைத்தார்கள். தலைமாட்டு நாற்காலியில் மச்சான். ஸ்பூனை எடுத்தவர் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் கோணியது.

"பசியோடவே போயிட்டாருங்க மாப்பள. நாந்தான் கையைப் புடிச்சேன்."

சமையல்கட்டுக் கதவருகே மாமியார் நின்றார். "ஆறிப் போவுது பாரு. சாப்புடு கண்ணு. அப்பா சாப்ட்டுட்டுத்தான் போனாரு."

காரியத்தன்று வைத்த படையலைச் சொல்கிறார் என்று மச்சான் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. தலையாட்டினார். ஸ்பூனை வாயில் வைத்தார். நானும் குனிந்து ஒரு வாய் குடித்தேன். மிளகு கூடுதலாக இருந்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல் இருமல் வந்துவிட்டது.

மச்சான் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"அந்த டஸ்ட்டு இன்னும் போகலீங்களா மாப்பள?"